எதிர் வீட்டுச் சஹன்

லோதோஸ் அடிக்க ஆரம்பித்து அன்றைக்கு மூன்றாவது நாள். மலையைத் தாண்டித் தெற்கிலிருந்து இறங்கும் அந்த வெதுவெதுப்பான காற்று மர்மராக் கடற்கரைக்கு வந்துவிட்டால் போதும், ஊரில் ஒருவர் மண்டையும் ஒழுங்காக வேலை செய்யாது. சூப்பில் இரண்டு தடவை உப்பைப் போடுவார்கள். யாரோ கூப்பிட்ட மாதிரி வாசலுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அப்படியே நிற்பார்கள். அந்தக் காலத்தில் லோதோஸ் நாளில் ஒருவன் குற்றம் செய்தால் காஜி பாதித் தண்டனைதான் கொடுப்பார் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். நிஜமோ பொய்யோ, அந்தக் காற்றில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்பத்தான் செய்வார்கள்.

மெலாஹத் சன்னலோரத் திவானில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் பால் திரிந்த நிறத்தில் கிடந்தது. தூரத்துத் தீவு கரையை விட்டுக் கிளம்பி நாலு முழம் மேலே மிதந்துகொண்டிருந்தது. கப்பல் ஒன்றுகூட இல்லை. முதான்யாவிலிருந்து இஸ்தான்புல் போகும் கப்பலை மூன்று நாளாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை அவள் ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொல்லவில்லை.

காரணம் எதிர் வீடு. அங்கே கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. அவளுடைய கூடப்பிறந்த அக்கா நெரிமான், அறுபத்தாறு வயதில், மகன் துன்ஜாயோடு இருந்துவிடுவதற்காக ஜெர்மனியில் இருக்கும் டோர்ட்முண்ட் நகரத்துக்குப் போகிறாள். திரும்பி வருகிற பயணம் இல்லை. கப்பல் ஓடினால் அக்கா போய்விடுவாள். அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான், ஐந்து எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஒன்பது வருடமாக இருவரும் தாண்டவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. இவள் மாடத்தில் துணி காயப்போட வந்தால் அவள் உள்ளே போவாள். அவள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தால் இவள் திரைச்சீலையை இழுப்பாள். இழுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அக்கா மெலிந்திருக்கிறாளா, இருமுகிறாளா, அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைத்தான் இன்னும் போட்டிருக்கிறாளா என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் திரும்புவாள்.

நடந்தது இதுதான். மெலாஹத்தின் புருஷன் ஜெவ்தெத் ஒரு சனிக்கிழமை காலையில் ஒலிவத் தோப்பில் விழுந்து இறந்துபோனான். அதே சனிக்கிழமை பர்சாவில் துன்ஜாய்க்குக் கல்யாணம். சாவு விழுந்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். நெரிமான் தள்ளிப்போடவில்லை. மாப்பிள்ளையின் தாயாகக் கையை விரித்து ஆடினாள் என்று பர்சாவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நாலாம் நாள் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள், கையில் மூடிபோட்ட செம்புச் சஹன் நிறையத் திராட்சை இலைச் சுருள்களோடு. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொண்டுவரும். மெலாஹத் சஹனை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அக்காவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

அந்தச் சஹன் அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. எப்படிப் போகும்? வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புவது அந்த ஊரில் காறித் துப்புவதற்குச் சமம். ஏதாவது வைத்து அனுப்பினாலோ சமாதானம் என்று அர்த்தம். துப்பவும் மனசில்லை, சமாதானமாகவும் மனசில்லை. சஹன் அடுக்களையின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாதம் ஒருமுறை அதை இறக்கித் துடைத்து மறுபடி வைப்பாள். ஈயம் பூசும் ஆள் சந்தில் வந்தால் அதற்கும் பூச வைப்பாள். இதெல்லாம் எதிர் வீட்டுக்குத் தெரியாது.

"மெலாஹத் அக்கா, நான் தங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா?"

ஹெல்மி. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஃபின்லாந்துக்காரி. முப்பது வயது. ஒலிவ மரங்களைப் பற்றி என்னவோ படிக்க வந்தவள். துருக்கி மொழியைப் புத்தகம் பார்த்துக் கற்றதால், வாயைத் திறந்தால் பள்ளிக்கூடப் பாடம்தான் வரும். வந்த முதல் நாள் மெலாஹத் ஊற்றிக் கொடுத்த தேநீரை மறுக்கத் தெரியாமல் பதினோரு கிளாஸ் குடித்தவள். போதும் என்றால் கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வைக்கவேண்டும் என்று பன்னிரண்டாவது கிளாஸில்தான் பால்காரன் சொல்லிக் கொடுத்தான். அன்றிலிருந்து எல்லா மரியாதைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"கேளு. நீ கேக்காம இருந்தாத்தான் எனக்குப் பயம்."

"திராட்சை இலைச் சுருள் கிரேக்கர்களுடைய உணவு என்று என் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது."

"அந்தப் புத்தகத்தக் கடல்ல போடு. சுருள் எங்களுது. தயிர் எங்களுது. காப்பியும் எங்களுதுதான்."

"காப்பி யெமனிலிருந்து வந்தது அல்லவா?"

"வந்துச்சு. வந்து எங்க வீட்லதான உக்காந்துச்சு? விருந்தாளியா வந்தவங்கள நாங்க வெளிய அனுப்புறதில்ல, அவ்வளவுதான்."

ஹெல்மி இதையும் எழுதிக்கொண்டாள். மெலாஹத்துக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அது ஆஷூரே மாதம். வெள்ளப் பிரளயம் வடிந்தபோது நூஹ் நபியின் கப்பலில் மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் ஒரே அண்டாவில் போட்டுச் சமைத்தார்களாமே, அந்தப் பாயசம். கோதுமை, கொண்டைக்கடலை, காய்ந்த அத்தி, ஆப்ரிகாட், மேலே மாதுளை முத்து. ஒருத்தி கிண்டினால் சந்து முழுக்கக் கிண்ணம் போகும். ஊரை விட்டுப் போகிறவள் பெட்டி கட்டிய பிறகும் விடவில்லை. நெரிமான் நேற்று அண்டாவை ஏற்றினாள். வாசம் காற்றோடு வந்து மெலாஹத்தின் திவானில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் போனது, ரொட்டிக் கடைக்குப் போனது, டாக்ஸிக்கார ரிஃப்கிக்குப் போனது. மெலாஹத் வீட்டுக் கதவை மட்டும் நெரிமான் தட்டவில்லை. ஆனால் சந்தில் நடந்துபோன ஹெல்மியைக் கூப்பிட்டு அவள் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று மெலாஹத் கேட்டாள், கடலைப் பார்த்தபடியே.

"மிகவும். தாங்களும் சற்று உண்டிருக்கலாம்."

"எனக்கா குடுத்தா? உனக்குக் குடுத்தா."

ஹெல்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாள். அவள் சொல்ல வந்தது என்னவென்றால், கண்ணாடிக் கிண்ணம் உடைந்துவிட்டது. மாடத்தின் கைப்பிடியில் வைத்திருந்ததை லோதோஸ் தள்ளிவிட்டது. குறிப்பேட்டிலோ கொட்டை எழுத்தில் இருந்தது: பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், வெறுமையாகக் கொடுக்கக்கூடாது.

மத்தியானம் காற்று இன்னும் கனத்தது. மெலாஹத் படுத்துவிட்டாள். அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. திரைச்சீலை மேலே எழும்பி மெல்ல இறங்கியது. அடுக்களையிலிருந்து மாவும் வெண்ணெயும் வேகிற வாசம் வந்தது. அம்மா உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அக்காவும் தானும் ஒரே போர்வைக்குள் படுத்திருப்பதாகவும், அக்காவின் குளிர்ந்த பாதம் தன் காலில் படுவதாகவும் இருந்தது. அப்புறம் ஜெவ்தெத் வந்தான். வெறுங்காலோடு வந்தான், தலையில் ஒலிவ இலை ஒட்டியிருந்தது. அடுக்களை முக்காலியில் ஏறி நின்று மேல்தட்டைத் தொட்டான்.

"இந்தப் பாத்திரத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா? எதிர் வீட்டிற்குக் கொடுக்க விரும்புகிறேன்," என்றான்.

செத்துப்போனவர்கள் இப்படித்தான் இலக்கணமாகப் பேசுவார்கள் போலிருக்கிறது என்று மெலாஹத்துக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. மனசு பஞ்சாக இருந்தது.

"எடுத்துட்டுப் போங்க. இத்தன வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள்.

"மிக்க நன்றி," என்றான் ஜெவ்தெத். முக்காலியிலிருந்து இறங்கி வெளியே போனான்.

கண் விழித்தபோது வெயில் சுவரின் பாதிக்கு ஏறியிருந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள் தற்செயலாக மேலே பார்த்தாள். மேல்தட்டில் சஹன் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம்தான் இருந்தது. மேடை மேல் மாவு சிந்திக் கிடந்தது. ஒரு தட்டில் துணி மூடி நாலைந்து பொன்னிற ரொட்டிகள். எடுத்து முகர்ந்தாள், ஏலக்காய்.

அதற்குள் ஹெல்மி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏய் பொண்ணே! மேல இருந்த சஹன் எங்க?"

"தாங்கள்தானே அனுமதி அளித்தீர்கள்? 'எடுத்துட்டுப் போங்க' என்று கூறினீர்கள்."

மெலாஹத் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹெல்மி எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணம் உடைந்தது, கடையில் அதே மாதிரி கிடைக்காதது, அழகான பாத்திரம் ஒன்று சும்மா இருக்கிறதே என்று தோன்றியது, தன் ஊர் ரொட்டியைச் சுட்டு அதில் நிறைத்து எடுத்துப்போனது.

"அவ என்ன சொன்னா?"

"ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தைப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு கதவை மூடிவிட்டார்." ஹெல்மியின் முகம் சுருங்கியது. "அக்கா, நான் ஏதேனும் பிழை செய்துவிட்டேனா?"

"பிழையா! அடிப்பாவி, ஒம்பது வருஷத்த எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வந்திருக்க!"

முதலில் கோபம்தான் வந்தது. நான் இறங்கி வந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்வாளே என்று அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தாள். அப்புறம் கோபம் எங்கேயோ நழுவிப் போயிற்று, சின்னதாக ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. நினைத்துக்கொள்ளட்டுமே. ரொட்டி போயிருக்கிறது, பதிலுக்கு அக்கா ஏதாவது வைத்து அனுப்பத்தானே வேண்டும்? பாத்திரம் திரும்பி வரும். அக்கா கதவைத் தட்டுவாள். திவானில் உட்கார்ந்து எதிர் வீட்டுக் கதவையே பார்த்தாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. எதிர்க் கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. திரும்பி வராது. ஏன் வரவேண்டும்? அது நெரிமானுடைய பாத்திரம். அது அதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வந்தது போயிற்று, அவ்வளவுதான், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இனி ஒன்றும் இல்லை. ஒன்பது வருடமாக அதைக் கோபத்தில் வைத்திருந்ததாகத்தான் மெலாஹத் நினைத்திருந்தாள். பச்சைப் பொய். அக்காவின் சாமான் ஒன்று தன் வீட்டில் இருக்கும்வரை அக்கா என்றைக்காவது வந்துதான் ஆகவேண்டும் என்றுதான் வைத்திருந்தாள். மாதாமாதம் துடைத்ததும் அதற்குத்தான். இப்போது அதுவும் போயிற்று.

திரைச்சீலை அசையாமல் தொங்கியது. வெகுநேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தாள். காற்று நின்றுவிட்டது. மிதந்துகொண்டிருந்த தீவு தண்ணீரில் இறங்கி உட்கார்ந்திருந்தது. கீழே டாக்ஸிக்கார ரிஃப்கி எதிர் மாடத்தைப் பார்த்துக் கத்தினான்.

"நெரிமான் அக்கோவ்! கப்பல் காலைல ஓடுதாம்! ஏழு மணிக்கு வண்டியக் கொண்டாறேன், ரெடியா இருங்க!"

"கத்தாதடா, எனக்குக் காது கேக்குது!" என்றது எதிர் வீட்டுக் குரல்.

மெலாஹத் எழுந்தாள். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. அடுக்களையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஜாம் பாட்டிலை எடுத்தாள், வைத்தாள். ஒலிவக்காய்ச் சாடியை எடுத்தாள், அதையும் வைத்தாள். எதை எடுத்தாலும் அது இன்னொரு பாத்திரமாக மேல்தட்டில் ஏறி உட்கார்ந்துவிடும் போலிருந்தது. ஒன்றும் எடுக்கவில்லை. அப்படியே படி இறங்கிச் சந்தைத் தாண்டினாள். ஐந்து எட்டுத்தான்.

நெரிமான் கதவைத் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். ஒன்பது வருடம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்.

"வீட்டுச் செருப்போடயா தெருவுல வந்தே? அம்மா உனக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாளா?"

மெலாஹத் குனிந்து பார்த்தாள். ஆமாம், வீட்டுச் செருப்பு. கழற்றினாள். உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். கை எலும்பாக இருந்தது.

"வெறுங்கையோடதான் வந்திருக்கேன்க்கா."

"தெரியுது."

மேசைமேல் சஹன் திறந்திருந்தது. ரொட்டியில் பாதி காலி.

"அம்மாவோட சோரெக் ரொட்டி," என்றாள் நெரிமான். "ஒரு வாய் வச்சதும் தெரிஞ்சுபோச்சு. நோன்புப் பெருநாளைக்குச் சுடுவாளே, அதே பக்குவம்."

பொய் சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆமா அக்கா, உனக்காகச் சுட்டேன் என்றால் போதும்.

"அது ஃபின்லாந்து ரொட்டிக்கா," என்றாள் மெலாஹத். "நான் அனுப்பல. அந்தப் பொண்ணு தெரியாம எடுத்துட்டு வந்துட்டா. நான் தூங்கிட்டிருந்தேன்."

நெரிமான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சுடலன்னு எனக்குத் தெரியும்டி. நீ சுட்டா நடுவுல வேகாது." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஃபின்லாந்தாவது ஒண்ணாவது. இது அம்மாவோடதுதான். எவளோ இங்கிருந்து கத்துக்கிட்டுப் போயிருப்பா. சரி, நீ அனுப்பல. அப்புறம் எதுக்கு வந்தே?"

"நானா வந்தேன்."

தெருவில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு ஆடினேன்," என்றாள் நெரிமான். "யாரோ சொன்னாங்க, தப்பாச் சொன்னாங்கன்னு நெனச்சுக்காத. ஜெவ்தெத் போயிட்டான்னு காலைலயே ஃபோன் வந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வெளியூர்லேந்து நாப்பது பேர் வந்து உக்காந்திருந்தாங்க. நான் வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுடும். துன்ஜாய் மூஞ்சியப் பாத்தேன். வாயத் தொறக்கல. ஆடச் சொன்னாங்க, ஆடினேன். கால் என்னோட கால் மாதிரியே இல்ல. ஆனா ஆடினேன்."

"நீ வந்திருக்கணும்க்கா."

"வந்திருக்கணும்."

"நான் அவர் தல மாட்டுல ஒத்தையா உக்காந்திருந்தேன். வாசல்ல சத்தம் கேக்கும்போதெல்லாம் நீதான்னு நெனச்சேன்."

நெரிமான் கையை நீட்டித் தங்கையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி முக்காட்டுக்குள் தள்ளினாள், ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்வதுபோல. அப்புறம்தான் மெலாஹத் அழுதாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை, மூக்கொழுக, சத்தம் போட்டு. நெரிமானும் அழுதாள். நடுவில் எழுந்துபோய்த் தேநீர் போட்டாள், அழுதுகொண்டேதான் போட்டாள்.

"போகாதக்கா," என்றாள் மெலாஹத்.

"வீடு குடுத்தாச்சுடி. அடுத்த வாரம் ஆள் வந்துடும்."

"என் வீடு இருக்கே?"

"துன்ஜாய் பொண்டாட்டி மாசமா இருக்கா. ரெட்டைப் பிள்ளையாம். அவளுக்கு அங்க யாரு இருக்கா?" கிளாஸை நகர்த்தி வைத்தாள். "நீ இத ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருக்கக்கூடாதா? ஒரு வருஷம் முன்னாடி? போன மாசம்?"

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மாலை. அதில் பாதியை அழுது தீர்த்தார்கள், மீதியைச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். அண்டாவின் அடியில் ஆஷூரே மிச்சம் இருந்தது. அக்கா வழித்துப் போட, தங்கை கரண்டியாலேயே தின்றாள். பிறகு ஒரே கட்டிலில் படுத்தார்கள். அக்காவின் பாதம் நிஜமாகவே சில்லென்றிருந்தது.

காலை ஏழு மணிக்கு ரிஃப்கி வண்டியோடு வந்தான். சந்து முழுக்க வாசலில் நின்றது. பெட்டிகள் ஏறின. நெரிமான் எல்லோரையும் கட்டிக்கொண்டாள், ஹெல்மியை இரண்டு தடவை. ஃபின்லாந்துக்காரி மரக்கட்டை மாதிரி நின்று கட்டிக்கொள்ளப்பட்டாள். மெலாஹத்தை மட்டும் நெரிமான் கட்டிக்கொள்ளவில்லை. இருவருக்கும் பயம். கட்டிக்கொண்டால் வண்டி கிளம்பாது.

பயணம் போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றவேண்டும். தண்ணீர் போல் தடையில்லாமல் போய், தண்ணீர் போலவே திரும்பி வரட்டும் என்று. அதை வீட்டு மனிதர்தான் ஊற்றுவது. மெலாஹத் கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுச் சந்தில் நின்றாள். வண்டி உறுமியது, நகர்ந்தது. அவள் கை அசையவில்லை.

"ஊத்துங்க மெலாஹத் அக்கா!" என்றாள் ரொட்டிக் கடைக்காரி.

அவள் ஊற்றவில்லை. பத்தடி போன வண்டி நின்றது. சன்னலிலிருந்து நெரிமான் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏய்! கைல என்ன சுளுக்கா? ஊத்துடி!"

"ஊத்தினா நீ போயிடுவியேக்கா!"

நெரிமானின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று ரிஃப்கிக்குக்கூடத் தெரியவில்லை.

"ஊத்தலன்னா நான் எப்படிடி வருவேன்?"

மெலாஹத் கூஜாவைச் சாய்த்தாள். தண்ணீர் கல் பாவிய சந்தில் விழுந்து, சரிவில் வண்டியின் பின்னாலேயே ஓடியது. வண்டி ரொட்டிக் கடை முனையில் திரும்பியது. ஒரு கை வெளியே ஆடுவது தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

மெலாஹத் மட்டும் வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்து கூஜாவை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"அவர் சென்றுவிட்டாரே அக்கா," என்றாள் ஹெல்மி, மெதுவாக. "ஒரு முறை ஊற்றினால் போதும் அல்லவா?"

"டோர்ட்முண்ட் ரொம்ப தூரம்," என்றாள் மெலாஹத். மறுபடியும் ஊற்றினாள்.